சரஸ்வதி பக்கத்தில் ஒரு கோல்ஃப் மட்டை

போன வெள்ளிக்கிழமை சாயந்தரம். தேயிலை ஃபாக்டரியில் ரோலர், டிரையர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, மாவிலைத் தோரணம் கட்டி, மறுநாள் ஆயுத பூஜைக்கு ஆயத்தம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாமி மேசையில் சரஸ்வதி படம். படத்துக்கு முன்னால் பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள், நான் இந்தப் பத்தி எழுதுகிற பேனா, மனைவியின் கத்தரிக்கோல். அவற்றோடு... சந்தனப் பொட்டு, குங்குமம், ஒரு முழம் செவ்வந்திச் சரம் சகிதம் என் புது கோல்ஃப் மட்டை.

நியாயமாகப் பார்த்தால் எனக்குப் புல்லரித்திருக்க வேண்டும். நான் காலண்டரைத்தான் பார்த்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு அதே மட்டையால் ஆட வேண்டிய மேட்ச்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை விஜயதசமி காலைவரை தொடக் கூடாது. விஜயதசமியோ ஞாயிற்றுக்கிழமை. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை — சின்ன வயதில் கணக்குப் புத்தகத்தை முதல் ஆளாகக் கொண்டுபோய்ச் சாமியிடம் அடுக்கிவிட்டு நிம்மதியாகத் திரிந்தவர்கள்தானே நாம் எல்லோரும்?

அது சரி, ஃபாக்டரியில் தேயிலை பதப்படுத்துகிற டீமேக்கருக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று புதிதாக இந்தப் பக்கம் வந்தவர்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

கொடகவெலை டவுனிலிருந்து மேலே ஏறினால் வருகிற தோட்டம் எங்களுடையது. முன்பு மேனேஜராக இருந்த வெள்ளைக்காரத் துரைக்குக் கோல்ஃப் பைத்தியம். கிளப்புக்குப் போகாத நாட்களில் ஃபாக்டரிக்குக் கீழே இருக்கிற ஃபுட்பால் கிரவுண்டில் அடித்துப் பழகுவார். வேடிக்கை பார்க்கப் போன என் கையிலும் ஒருநாள் மட்டையைக் கொடுத்தார். பிடித்தது அந்தச் சனியன். தோட்டத்தை அரசாங்கம் எடுத்ததும் அவர் ஊருக்குக் கிளம்பினார். போகும்போது பழைய மட்டைகள் கொஞ்சத்தை என்னிடம் தந்து, “உன்னுடைய டீயை நான் குறை சொன்னதற்கெல்லாம் இது” என்று சிரித்தார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்தக் கிரவுண்டில் ஒரு சின்னக் கூட்டம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர், பள்ளிக்கூடத்து மாஸ்டர், ஆபீஸில் கணக்கு எழுதுகிற இரண்டு கிளாக்கர்மார், நான். ஒரே செட் மட்டை. மாறி மாறி அடிப்போம். பந்து தேயிலைச் செடி நிற்கிற கொழுந்து மலைக்குள் போனால் எல்லோருமாகத் தேடுவோம். ஆனால் ஃபுட்பால் கிரவுண்டில் கோல்ஃப் அடிப்பது குளியலறையில் நீச்சல் பழகுவது மாதிரி. எத்தனை நாளைக்கு?

நிஜமான கோல்ஃப் மைதானம் பக்கத்தில்தான் இருக்கிறது. பிளாண்டர்ஸ் கிளப்பில். ஒன்பது குழி, சுற்றிலும் இரப்பர், நடுவே ஓர் ஓடை, ஓரத்துப் புல்லில் இரத்தம் குடிக்கிற அட்டை தாராளமாக. துரைமாருக்கு மட்டும்தான் அனுமதி. எங்களைப் போன்ற ஸ்டாஃப் அங்கே போவதென்றால் சமையல்கட்டுப் பக்கமாகப் போய், துரை அனுப்பிய டீ சாம்பிளைக் கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்புவதோடு சரி. நானும் அப்படிப் பல தடவை போயிருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்தே எட்டி எட்டிப் பார்த்துவிட்டு வருவேன்.

இப்போது துரைமார் குறைந்துவிட்டார்கள். இருக்கிறவர்களிலும் கோல்ஃப் தெரிந்தவர்கள் சொற்பம். மைதானத்தில் ஆட்களைவிட மாடுகள் அதிகம். எங்கள் இப்போதைய துரை — சிங்களப் பிள்ளை, வயது குறைவு, நல்ல மனசு — கமிட்டியில் எழுந்து, “ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஸ்டாஃபையும் விளையாட விட்டால் என்ன?” என்று கேட்டிருக்கிறார்.

கிளப் செயலாளருக்கு இது பிடிக்கவில்லை. அவர் ஓய்வு பெற்ற பழைய துரை. பெல்மதுளைப் பக்கம் சொந்தமாக இரப்பர் தோட்டம் வைத்திருக்கிறார். “அவங்களுக்கு ரூல் தெரியாது. ரூல் இல்லாமல் கோல்ஃப் கிடையாது” என்று ஒரே பிடி. கடைசியில் கொஞ்சம் இறங்கி, “வருஷாந்த மேட்சுக்கு ஒருத்தனைக் கூட்டிட்டு வா. பார்த்துட்டு முடிவு சொல்றேன்” என்றாராம்.

அந்த ஒருத்தன் அடியேன். எங்கள் துரைக்கு ஜோடியாக ஆட வேண்டும்.

நான் மரியாதையாக ஆடி முடித்தால் சுற்றுவட்டாரத் தோட்டத்து ஸ்டாஃபுக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் கதவு திறக்கும். சொதப்பினால் மறுபடியும் சமையல்கட்டு வாசல்தான். செய்தி கேட்டதும் டிஸ்பென்சர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நம்ம எல்லார் மானமும் இப்ப உங்க கையிலதாங்க இருக்கு.”

அன்று சாயந்தரமே மட்டையைத் தூக்கிக்கொண்டு கிரவுண்டுக்கு ஓடினேன்.

இனி மட்டைக்கு வருகிறேன். கோல்ஃப் பையில் பல சாதி மட்டை உண்டு. புல்லில் கிடக்கிற பந்தைத் தூக்கி வெகுதூரம் அனுப்புகிற மட்டைக்கு ‘உட்’, அதாவது மரம், என்று பேர். என் கைக்குப் பழகியது மூன்றாம் நம்பர் உட். வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன அந்தப் பழைய மட்டையின் தலை முழுக்க மரம். கறுத்துப் பளபளக்கும். அடியில் பித்தளைத் தகடு, கழுத்தில் இறுக்கிச் சுற்றிய நூல். சரியாகப் பட்டுவிட்டால் கையில் ஒன்றுமே தெரியாது. ‘டொக்’ என்று ஒரு சத்தம்... நிமிர்ந்து பார்த்தால் பந்து எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். அந்த ஒரு சத்தத்துக்காகவே ஒரு வாரம் காத்திருக்கலாம்.

சரியாகப் படாவிட்டால்? முழங்கைவரை அதிரும். பந்து தவளையாகத் தத்தித் தத்தி நாலு அடி போய் உட்காரும்.

மழையும் ஆகாது. நம் சப்ரகமுவ மழையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? ஒரு தடவை நன்றாக நனைந்து ஊறிவிட்டது. டீமேக்கர் புத்தி எங்கே போகும்? கொழுந்து வாட்டுகிற மாடியில் ஃபேன் காற்றுக்கு நேரே, கொழுந்தோடு கொழுந்தாக மட்டையையும் காயப் போட்டேன். மறுநாள் கொழுந்து அருமையாக வாடியிருந்தது. மட்டையும் வாடியிருந்தது — தலை கழன்று ஆடியது. பசை போட்டு, புது நூல் சுற்றி, ஒருவாறு உயிர் கொடுத்தேன். அதற்குப் பிறகு அது கொஞ்சம் கோபக்காரனாகிவிட்டது.

இந்த நேரம் பார்த்து மச்சான் வந்து சேர்ந்தார். என் மனைவி சரோஜாவின் அண்ணன். பெல்மதுளைச் சந்தியில் ஹார்ட்வேர் கடை. கூடவே கொஞ்சம் மாணிக்கக்கல் வியாபாரம். கல் வாங்க வந்த ஜப்பான்காரர் ஒருவர், நல்ல கல் கிடைத்த சந்தோஷத்தில் ஒரு மட்டையைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனாராம். அதுவும் மூன்றாம் நம்பர் உட். ஆனால் தலை மரமில்லை... உலோகம். உள்ளே வெறும் கூடு. இப்போது வெளிநாடுகளில் இதுதான் பாஷனாம்.

“ஹார்ட்வேர்காரன் சொல்றேன், கேளுங்க மச்சான்” என்றார். “மழைக்கு ஊறாது. கறையான் அரிக்காது. இதுக்கு மேல ஒரு சாமானுக்கு என்ன லட்சணம் வேணும்?”

கிரவுண்டில் அடித்துப் பார்த்தேன். மறுக்க முடியவில்லை. பந்து சுலபமாக மேலே எழும்புகிறது. முகத்தின் ஓரத்தில் பட்டால்கூட ஏறக்குறைய நேராகப் போகிறது. சத்தம்தான் சகிக்கவில்லை, தகர டின்னில் கல் விழுந்த மாதிரி. கைக்கு ஒரு சேதியும் வராது. நன்றாக அடித்தோமா, கேவலமாக அடித்தோமா என்பதை நிமிர்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்சி இரண்டாகப் பிரிந்தது. மாஸ்டர் பழசுக்கு. டிஸ்பென்சர் புதுசுக்கு. மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில்கூட இவ்வளவு பேச்சு நடக்காது.

“பழகின மாடுதாங்க வண்டிக்குச் சரி” என்பார் மாஸ்டர்.

“அந்த மாடு தலையை ஆட்டுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?” என்பார் டிஸ்பென்சர்.

துரையுமே காலையில் ஃபாக்டரிக்குள் வந்தால், டீ எப்படி வந்திருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், “பரண ஏகத, அலுத் ஏகத?” என்பார் சிங்களத்தில். பழசா, புதுசா?

நான் பகலெல்லாம் யோசித்தேன். டீ ருசி பார்க்கும்போதும் யோசித்தேன். சரோஜாவிடம் பேசிப் பேசி அவளுக்கும் மூன்றாம் நம்பர் உட்டின் குணம் குற்றம் எல்லாம் மனப்பாடம். வியாழக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தேன். புதுசு.

காரணம் சொல்கிறேன். எனக்காக மட்டும் ஆடுவதென்றால் பழசைத்தான் எடுப்பேன். அந்த ஒரு ‘டொக்’ போதும். ஆனால் இத்தனை பேருக்காக ஆடும்போது, நம் தப்பை மன்னிக்கிற மட்டைதான் வேண்டும். எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். மாஸ்டர் முகம் கொஞ்சம் தொங்கியது. எனக்கோ பெரிய பாரம் இறங்கியது.

இறங்கிய பாரம் வெள்ளிக்கிழமை சாயந்தரம் சாமி மேசையில் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது.

“சரோ... இதை ஏன் இங்க வச்ச?”

“நீங்கதான சொன்னீங்க, இனிமே இதுதான் என் ஆயுதம்னு. மேட்சுல நல்லா அடிக்கணும்னு வேண்டிக்கிட்டு வச்சேங்க.”

“மேட்ச் நாளைக்கு.”

அவள் முகம் மாறியது. “கிளப்பு ஆட்டமெல்லாம் ஞாயித்துக்கிழமைதான நடக்கும்? விஜயதசமியன்னைக்குக் காலையில பூஜை பண்ணி எடுத்துக்கிட்டுப் போவீங்க, தொட்டது துலங்கும்னு நினைச்சேன். பூஜையன்னைக்கு ஆயுதத்தத் தொடுவீங்கன்னு நான் எப்படிங்க நினைப்பேன்?”

நியாயம்தானே? ஃபாக்டரி மூடியிருப்பதால்தான் எனக்கு அந்தச் சனிக்கிழமை மேட்சுக்குப் போகவே முடிந்தது. மூடியிருப்பது ஏன் என்பதை நான்தான் யோசிக்கவில்லை.

“மத்த மட்டையெல்லாம் எங்க?”

“மூலையிலதான் இருக்கு. ஒரே மண்ணும் புல்லுமா இருந்துச்சு. அதையெல்லாம் சாமிகிட்ட வைக்க முடியுங்களா?”

ஆக, அழுக்காக இருந்ததெல்லாம் தப்பித்தது. நான் குழைந்து பார்த்தேன். “நாளைக்கு ஒரு நாள் மட்டும் இதை எடுத்துக்கிட்டா...”

“எடுங்க. நான் ஒண்ணும் சொல்லலை.”

கல்யாணமானவர்களே, இந்த ‘ஒண்ணும் சொல்லலை’யைவிட நீளமான பேச்சு எதையாவது நீங்கள் கேட்டதுண்டா?

அந்த நேரத்தில் மச்சானும் வந்தார், பூஜைக்குப் பொரி கடலை வாங்கிக்கொண்டு. விஷயத்தைக் கேட்டதும் தங்கச்சிமீது பாய்ந்தார். “இது விளையாட்டுச் சாமான். இதைப் போய் யாராவது ஆயுதம்னு வைப்பாங்களா? சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது மச்சான், எடுங்க.”

“சரி. நீங்களே எடுத்துக் குடுங்க மச்சான்.”

மச்சான் மேசையைப் பார்த்தார். சரஸ்வதியைப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“கடையில தராசையே சாமிகிட்ட வச்சிட்டு வந்திருக்கேன். இன்னைக்கு நான் எதையும் தொடுறதா இல்ல” என்றார்.

நான் என்ன செய்ய முடியும்? போன வருஷம் இதே பூஜையன்று ஃபாக்டரி எஞ்சின் டிரைவர், “சும்மா ஒரு சுத்து ஓட்டிப் பாக்குறேங்க” என்று ரோலர் பக்கம் போனபோது, சத்தம் போட்டுத் தடுத்தவன் நான். ஊருக்கு ஒரு நியாயம், டீமேக்கருக்கு ஒரு நியாயமா? அதோடு, உள்ளதைச் சொல்கிறேன், எனக்கே கை வரவில்லை. அவள் வேண்டிக்கொண்டு வைத்த பூ. அதை விலக்கி எடுத்துக்கொண்டு போய் நான் எந்தப் பந்தை ஒழுங்காக அடிப்பேன்?

சனிக்கிழமை காலை, பழைய கோபக்காரனோடு கிளப்புக்குப் போய் இறங்கினேன். முன்வாசல் வழியாக. வாழ்க்கையில் முதல் தடவை.

துரை என் பையை எட்டிப் பார்த்தார். “அலுத் ஏக கோ?” புதுசு எங்கே?

“பூஜையில இருக்குங்க தொரை. நாளைக்கு வரைக்கும் தொடக் கூடாது.”

துரை ஒரு விநாடி என்னைப் பார்த்தார். ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருக்கும்தானே? ஆனாலும் தோளைத் தட்டி, “எஹெனங் கமக் நே” என்றார். அப்படியென்றால் பரவாயில்லை என்று. அந்தப் பிள்ளையை எனக்கு இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனது.

ஆட்டத்தைப் பற்றி நீட்டி முழக்க விரும்பவில்லை. செயலாளர் எங்களுக்குப் பின்னாலேயே குடையோடு வந்தார். முதல் குழியில் தவளை. இரண்டாவது குழியில் இன்னொரு தவளை. மூன்றாவதில் பந்து ஓரப் புல்லுக்குள் போக, நான் தேடப் போய் இரண்டு காலிலும் அட்டையோடு வந்தேன். நடுவில் துரை வானத்தைப் பார்த்து, “வெஸ்ஸ எனவா வகே” என்றார். மழை வரும்போலிருக்கிறது என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, வந்துவிட்டது. மட்டையின் கழுத்து நூல் பிரிய ஆரம்பித்தது. துரையும் நானும் புல்லில் குந்தி உட்கார்ந்து, அவருடைய கைக்குட்டையைக் கிழித்துக் கட்டுப் போட்டோம். டிஸ்பென்சர் பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்.

ஓடையைத் தாண்ட வேண்டிய குழி ஒன்று. அங்கே மட்டும்... ‘டொக்’. கையில் ஒன்றுமே தெரியவில்லை. பந்து மழைக்குள் புகுந்து, ஓடையைத் தாண்டி, இரப்பர் வரிசைக்குப் பக்கத்தில் போய் அழகாக இறங்கியது. துரை வாயைத் திறந்தபடி நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த ஒன்றோடு சரி. மற்றதெல்லாம் பழைய கதை. முடிவில் எங்கள் ஜோடிக்குக் கடைசிக்கு முந்தின இடம். எங்களுக்குப் பின்னால் வந்த ஜோடியில் ஒருவருக்கு முதுகுவலி.

முன் விறாந்தையில் டீ கொடுத்தார்கள். பிரம்பு நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தேன். டீயைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, விருந்தாளி சொல்லக் கூடாது. மனசு மட்டும் கனத்தது. ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் காத்திருக்கப் போகிறவர்களிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது? புதுசு இருந்திருந்தால் அந்தத் தவளைகளில் பாதியாவது பறந்திருக்கும். இது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

செயலாளர் எதிரில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் அவருடைய துரைசாணி. அந்தக் காலத்துத் துரைமாரின் தமிழ் உங்களுக்குத் தெரியுமே? அதில் ஆரம்பித்தார்.

“என்ன மேன். நல்ல புது ஸ்டிக் ஒண்ணு உனக்கு இருக்காம், உன் தொரை சொல்றான். அத வீட்டுல வச்சிட்டு இந்தப் பழசு ஏன் கொண்டாந்தது?”

சிரிப்பாரோ என்று பயந்துகொண்டே உள்ளதைச் சொன்னேன். சாமி மேசை, சந்தனம், விஜயதசமி, எல்லாம். துரைசாணிக்குப் புரியாத இடங்களை எங்கள் துரை இங்கிலீஷில் சொன்னார்.

செயலாளர் சிரிக்கவில்லை. முன்னால் குனிந்தார். “பூட்டி வச்சிருக்கா?”

“இல்லைங்க தொரை. மேசையில சும்மாதான் இருக்கு.”

“யாராச்சும் காவல் இருக்கா?”

“இல்லைங்க.”

“அப்ப, பூஜை முடிஞ்சு எல்லாரும் அங்கால போனதும் மெதுவா எடுத்துக்கிட்டு வந்தா யாருக்கு மேன் தெரியும்?”

கேள்வி நல்ல கேள்வி. ‘எனக்குத் தெரியுமேங்க’ என்று பதில் சொல்லியிருக்கலாம். எவ்வளவு கம்பீரமாக இருந்திருக்கும்! பத்தி எழுதுகிறவனுக்கு அப்படி ஒரு வசனம் கிடைத்தால் விடுவானா? ‘சாமிக்குத் தெரியும்’ என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாயில் வந்தது இதுதான்:

“வீட்டுல தெரிஞ்சிரும்ங்க தொரை.”

முதலில் சிரித்தது துரைசாணி. கையிலிருந்த கோப்பை ஆட ஆடச் சிரித்தார். பிறகு எங்கள் துரை. செயலாளர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். துரைசாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, புருஷன் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கிய மட்டில் அதன் சாரம் இது: “ரூல் தெரியாதவர்கள் என்றீர்களே? தோற்றாலும் பரவாயில்லை என்று ரூலைக் காப்பாற்றியிருக்கிறான். உங்கள் மெம்பர்களில் எத்தனை பேர் இப்படி?”

செயலாளர் கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினார். மழையைப் பார்த்தார். துரைசாணியைப் பார்த்தார். அவர் ‘நான் ஒன்றும் சொல்லவில்லை’ என்கிற மாதிரி டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் முந்தின நாள் சாயந்தரம்தான் என் வீட்டில் பார்த்திருந்தேன்.

“அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை உன் ஆளுங்களக் கூட்டிட்டு வா” என்றார் செயலாளர். “மழைன்னாலும் வா.”

ஞாயிற்றுக்கிழமை காலை சரோஜா சூடம் காட்டி, புது மட்டையை எடுத்து என் கையில் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். “நான் வச்ச பூவுக்குப் பலன் இல்லாம போகுமா?” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். பூ வைத்த மட்டை வீட்டிலேயேதான் இருந்தது என்பதை அவளிடம் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

பழசா, புதுசா என்று கேட்டு யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். இரண்டும் இப்போது பையில் இருக்கின்றன. மாஸ்டருக்கும் டிஸ்பென்சருக்கும் ஆளுக்கொன்று.

கிளப் பலகையில் நோட்டீஸ் போட்டுவிட்டார்கள். ‘கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்தது’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்தக் கமிட்டியில் இருந்தவர்கள் இரண்டே பேர்: செயலாளர் வீட்டுத் துரைசாணியும் என் சரோஜாவும்.